சுவடு வைக்காத டேட்டாபேஸ்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்த கதை சொல்கிறேன். அதற்குள் கொட்டாவி விடாதீர்கள். இதில் ஓர்ப்படிகள் சண்டையும் உண்டு. சண்டை நடந்ததுதான் ஓர்ப்படிக்குத் தெரியாது.

என் மாமனார் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி நடத்தினார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால், ஆள் போய்க் கதவைத் திறக்கும்வரை அவர்களோடு பேசுவது மருமகள்கள் நாங்கள் இருவரும். என் குரல் கொஞ்சம் கறார். சின்னவளுக்குத் தேன். "பயப்படாதீங்கண்ணே, வீட்டுக்குப் போய் இன்னிக்கு என்ன சமைக்கப்போறீங்க, அதைச் சொல்லுங்க" என்று பேச்சுக் கொடுத்தே, அழுகிறவரைச் சிரிக்க வைத்துவிடுவாள். வெளியே வந்தவர்கள் அவளைத்தான் விசாரிப்பார்கள். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

வருடக் கடைசியில் எங்களில் ஒருத்தியைப் போன் பிரிவுக்குத் தலைவியாக்கப்போவதாக மாமனார் சொல்லியிருந்தார். அவர் வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை, பதிவை நம்புகிறவர். யார் அதிகம் பேரிடம் பேசியிருக்கிறாளோ அவளுக்கு நாற்காலி.

அந்தச் சமயத்தில்தான் புது மென்பொருள் வந்தது. அதைச் செய்துகொடுத்த கண்ணாடிக்காரர் இரண்டு டேட்டாபேஸ்களைக் காட்டினார்.

"இதுல எதை மாத்தினாலும், யார் மாத்தினாங்க, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எல்லாம் நிக்கும். அதுல கடைசியா எழுதினது மட்டும்தான் நிக்கும். ஆனா பறக்கும்."

"பறக்கிறதே போதுங்க" என்றேன். "உள்ள ஒருத்தர் மூச்சு முட்டி நிக்கும்போது நமக்குப் பழங்கதை எதுக்கு?"

மாமனாருக்குப் புல்லரித்துவிட்டது. "பெரியவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

பழைய பதிவுகளை உள்ளே ஏற்றிச் சரிபார்க்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது. பன்னிரண்டு வருட அழைப்புகள். 'பேசியவர்' என்ற கட்டத்தில் சின்னவள் பெயர் ஊர்வலம் போனது. ஒரே கட்டளையில் அதில் முக்கால்வாசியை என் பெயராக்கினேன். ஒரு வாய் காபி குடிப்பதற்குள் முடிந்தது. கண்ணாடிக்காரர் பொய் சொல்லவில்லை, பறக்கத்தான் செய்தது. அசல் பதிவுகள் இருந்த பழைய கம்ப்யூட்டரை நானே கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தேன்.

நாற்காலி எனக்கு வந்தது. சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஏழாம் மாடியில மாட்டிக்கிட்ட அந்த வாத்தியார்கிட்ட நான்தானே பேசினேன்?"

"நான்டி. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருந்தே."

திரையில் இருந்த பெயரை இன்னொரு தடவை படித்தாள். "அப்படியா" என்றாள்.

அதற்குப் பிறகு போனை எடுக்கவே பயந்தாள். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்கிறாள். மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் மாதாமாதம் நான்தான் கூட்டிப்போகிறேன். மாத்திரையையும் என் கையாலேயே கொடுக்கிறேன். போகிற வழியில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்க்கா" என்பாள். எனக்குக் கண் நிறைந்துவிடும்.

உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சின்னவளுக்கும் என்னைப் போல ஒரு மூத்தவள் வாய்க்கட்டும்.