மட்டமான சார்ஜர்

இது வேணாண்ணா, இது நல்லா கீது. நான் நல்ல சார்ஜரா கேட்டேன்? மட்டமானதா குடு. சொருவுனா ஸ்பீக்கரு கொர்ர்ர்னு எரையணும். இன்னா சிரிக்கற? சாயங்காலம் ஏழரைக்கி எம் பொண்டாட்டி வேல்விழி கம்பெனி பஸ்ஸுல வந்து எறங்கிடுவா. அதுக்குள்ள எம் பெட்டி எரையலன்னா நான் காலி.

இன்னா பெட்டியா? நானே செஞ்சதுண்ணா. உள்ளங்கை அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு மைக்கு, ஆம்ப்ளிஃபயரு, ஸ்பீக்கரு. அவ பகல் ஷிப்ட்டு, நான் நைட்டு. ஓவர்டைம் வேற. காலைல இருங்காட்டுக்கோட்டை கம்பெனில அவ பஸ்ஸு வந்து நிக்கறப்ப என் பஸ்ஸு கெளம்பிடும். அதான், காலைல போறப்ப பெட்டியாண்ட பேசிட்டுப் போ, நான் வந்து கேக்கறேன்னேன். போன்லயே பேசலாமேன்னா. ஒருத்தன் மெனக்கெட்டு செஞ்சிகீறேன், போன்ல பேசுவியான்னு கத்தி வுட்டேன்.

வந்து போட்டா ஒரே எரைச்சல். அவ பேசறது ஒரு எழுத்து புரியல. அத அவளாண்ட சொல்ல முடியுமா? மானம் போயிடாது? கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புல சூப்பர்வைசர் இன்னா போட்டாலும் படிக்காமயே கட்டவெரல தூக்கிப் போடுவோமே, அதே பழக்கத்துல அவளுக்கும் டெய்லி போன்ல ஒரு கட்டவெரல் அனுப்பிகினு இருந்தேன்.

சும்மாவும் இல்லண்ணா. ஸ்பீக்கர மாத்துனேன், ஒயர மாத்துனேன். ஃபிரிட்ஜாலதான் எரையுதுன்னு அத ஆஃப் பண்ணேன், மீன் கொழம்பு கெட்டதுதான் மிச்சம். இருவத்திரெண்டு நாளு! இன்னிக்கி எதேச்சையா பவர் பேங்க்குல போட்டேன், கப்சிப். போர்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே சார்ஜரு, அதுவும் டுபாக்கூரு. அதான் எரைஞ்சிகீது. குஷில அந்த சார்ஜர பக்கத்து ரூம் முனியம்மாள் அக்காவாண்ட தூக்கிக் குடுத்துட்டேன். இப்ப கேட்டா, குடுத்தத திருப்பிக் கேக்கறியே, வெக்கமா இல்லன்றாங்க.

சரியாயிடுச்சே, அப்பறம் இன்னான்றியா? எரைச்சலு ஸ்பீக்கர்ல மட்டுந்தாண்ணா. அவ பேசனது பூரா உள்ள சுத்தமா பதிஞ்சிகீது. இருவத்திரெண்டயும் ஒக்காந்து கேட்டேன். மொத நாலு நாளு சாம்பாரு, கேஸு, தண்ணி கேன்னு. அஞ்சாவது நாள்லேந்து ஒரே கேள்வி. ஏங்க, நான் வேலைய வுட்டுட்டு வாலாஜாபாத்துல எங்கம்மா வூட்டுக்கே போயிடவா, வேணான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இருந்துடறேன். டெய்லி கேட்டுகீறாண்ணா. நானும் டெய்லி கட்டவெரல். நாளைக்கி வேலைய வுடறேன்னு எழுதிக் குடுத்துடட்டுமான்னு நேத்து கேட்டா. அதுக்கு ரெண்டு வெரலு.

பையி வேற கட்டி வச்சிகீறா. தொவைக்கற துணின்னு நெனச்சேன்.

அதான், இன்னிக்கி லீவு போட்டுட்டேன், அவ வந்தவொடன போட்டுக் காட்டணும். பாரு, இப்படித்தான் எரைஞ்சிது, எனக்கு ஒண்ணுமே கேக்கல, சத்தியமான்னு. இப்ப கணீர்னு பேசுதே, எவ நம்புவா?

இன்னா? போவாதன்னு நேர்லயே சொல்லிடுன்றியா?

அவ மூஞ்சியப் பாத்தா?

இல்லண்ணா. அழுதுடுவேன்.