பத்துச் சுற்று

கால்பந்துக்குக் காற்றடிப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது, மேடம். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழ வேண்டும், விரலை எடுத்ததும் அது மறைந்துவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் தலையால் முட்டுகிறவனுக்கு அன்றைக்குப் பாடம் ஏறாது. எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்தப் பக்குவம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் எனக்குப் பம்பு என்று பெயர் வந்தது. உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்றும் சிலர் சொல்வார்கள். இருக்கட்டும், அதுவும் பொய்யில்லை.

என்னைச் சந்தோஷமாகப் பேசுகிறான் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் சுபாவமே அப்படித்தான். விளையாட்டுச் சாமான் அறைக்கு இரண்டு வருடம் நான்தான் பொறுப்பு. சம்பளம் கிடையாது, ஒரு சாவி உண்டு. நான் வருவதற்கு முன் அந்த அறையில் வலது கால் பூட்ஸ் மட்டும் பதினொன்று இருந்தன. இடது கால்கள் எங்கே போயின என்று கடவுளுக்கே தெரியாது. நான் அலமாரிகளுக்கு எண் போட்டேன், பூட்ஸ்களுக்கு அளவு எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு பந்துகூடத் தொலையவில்லை. எனவே மாணவர் சங்கத்தில் விளையாட்டுச் செயலாளர் பதவிக்கு நின்றபோது என் சுவரொட்டியில் ஒரே வரிதான் போட்டேன்: ‘என் பொறுப்பில் எதுவும் தொலையாது.’

போன வருடமும் நின்றேன். அந்தத் தோல்வியைச் சொல்லாமல் இந்த வருடக் கதை உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஊர்வழக்கம் மாதிரி எங்கள் மைதானத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. மற்றப் பதவிகளுக்கு நிற்பவர்கள் மேடையில் பேசுவார்கள். விளையாட்டுச் செயலாளருக்குப் பேச்சு கிடையாது. வாக்குப்பதிவு அன்று காலை, ஓடுபாதையில் பத்துச் சுற்று வர வேண்டும். முதலாவதாக வர வேண்டியதில்லை, முடித்தால் போதும். பாதியில் விட்டவனுக்கு யாரும் வாக்குப் போடுவதில்லை. அது எழுதாத சட்டம். போன வருடம் நான் நாக்குத் தள்ள ஓடி, பத்தையும் முடித்து, நிமிர்ந்து பார்க்கிறேன், கைதட்ட ஒரு ஈ காக்காய் இல்லை. எல்லோரும் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். என்னோடு போட்டியிட்டவனுக்கு முந்தின வாரம்தான் கால் முறிந்திருந்தது. மாவுக்கட்டோடு, ஊன்றுகோலோடு, அவன் மூன்றாவது சுற்றில் வந்துகொண்டிருந்தான். ஐந்தாவது சுற்றில் பாதிக் கூட்டம் அவனோடு நடந்தது. பத்தாவதில் சமையல்கூடத்து ஆட்கள்கூட நடந்தார்கள். எனக்கு நாற்பத்தொரு வாக்கு. உண்மையைச் சொன்னால், என் வாக்கையே நான் அவனுக்குத்தான் போட்டேன். அழுகை வந்துவிட்டது, என்ன செய்வது.

அன்றைக்கு ஒன்று கற்றுக்கொண்டேன். ஓடுகிறவனை ஜெயித்துவிடலாம். நோயாளியை ஜெயிக்கவே முடியாது.

இந்த வருடம் எதிரே நின்றவன் கொக்கு. நெடுந்தூர ஓட்டக்காரன், கால் மட்டும் ஒரு ஆள் உயரம் இருக்கும். என் நண்பன். இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து அறை, ஒரே சோப்பு. அவன்மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனு போட்ட அன்று என் தோளில் கை போட்டு, “நான் ஜெயிச்சாலும் ஸ்டோர் சாவி உன்கிட்டதான்டா பம்பு. உன்ன விட்டா யாரு காத்தடிப்பா?” என்றான். அன்பாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். ஆனால் வலித்தது. சங்கத்துப் பெயர்ப்பலகையில் ஒரு வருடமாவது என் பெயர் செயலாளர் என்று இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது அவனுக்குத் தெரியவே இல்லை.

ஆரோக்கியமான கொக்கை நான் ஜெயித்திருப்பேன். தலைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். வலை கிழிந்து கிடந்த பெண்கள் கைப்பந்து அணிக்கு நான்தான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். சதுரங்கக்காரர்களுக்குக் காணாமல் போன குதிரையை மரத்தில் செதுக்கிக் கொடுத்தேன். அத்தனை பேரும் என் பக்கம். முப்பது வாக்கு வித்தியாசமாவது வந்திருக்கும்.

வாக்குப்பதிவுக்கு நாலு நாள் முன்னால் மருத்துவச் சீட்டுகள் வந்தன. அது எப்படி என்றால், வருடத்துக்கு ஒரு தடவை எல்லா ஆட்டக்காரர்களையும் பல்கலைக்கழக மருத்துவர் பரிசோதிப்பார். சீட்டுகள் கட்டாகச் சாமான் அறைக்கு வரும். யார் விளையாடக் கூடாதோ அவர்கள் பெயரை நான் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், அவர்களுடைய ஷூவை வாங்கி அலமாரியில் பூட்ட வேண்டும். பயிற்சியாளரே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கொக்கின் சீட்டில், இதயத் துடிப்பில் கோளாறு தெரிகிறது, பெரிய மருத்துவமனையில் பார்க்கும்வரை ஓடக் கூடாது என்று எழுதியிருந்தது. அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். மத்தியானம் அந்த டாக்டர் அம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டார். மகள் பிரசவத்துக்காக அன்றே ஊருக்குக் கிளம்புகிறாராம், ஒரு மாதம் கழித்துத்தான் வருவாராம். பையனிடம் உடனே சொல்லிவிடு என்றார். கவனித்துக்கொள்கிறேன் டாக்டர் என்றேன். உண்மையில் நான் எதையும் கவனிக்காமல் விட்டதே இல்லை.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இதைப் பலகையில் ஒட்டினால் என்ன ஆகும்? கொக்கு ஓட மாட்டான், நடப்பான். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அந்த நீளக் காலை மெதுவாக எடுத்து வைத்துப் பத்துச் சுற்று நடப்பான். மொத்தப் பல்கலைக்கழகமும் கூட நடக்கும். போன வருடமாவது வெறும் கால். இது நெஞ்சு. நானே மறுபடியும் அவனுக்கு வாக்குப் போட்டுவிடுவேன் போல இருந்தது.

நாலே நாள்தான், மேடம். வாக்கு எண்ணி முடித்த கையோடு சீட்டை அவனிடம் கொடுத்து, நானே மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதாகத்தான் திட்டம். எந்தப் பேருந்து என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் அவனே சாமான் அறைக்கு வந்தான். பந்துக்கூடை மேல் உட்கார்ந்துகொண்டு, “டாக்டர் சீட்டு ஏதாவது வந்துச்சாடா? மாடி ஏறினாலே நெஞ்சு படபடங்குது,” என்றான்.

“வந்திருந்தா உனக்குச் சொல்லாம யாருக்குடா சொல்லப்போறேன்,” என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. எல்லாம் தேர்தல் பயம் என்று சொல்லிச் சிரித்தான். நானும் அவனைக் கொஞ்சம் கிண்டல் செய்தேன். போகும்போது என் ஷூ கயிற்றைப் பார்த்துவிட்டு, இப்படிக் கட்டினால் ஆறாவது சுற்றில் அவிழும் என்று குனிந்து அவனே கட்டிவிட்டான். கெட்டிக்காரன், கடைசிவரை அவிழவில்லை.

மறுநாள் நல்ல வெயில், நல்ல கூட்டம். அவன் எட்டாவது சுற்றில் இருந்தபோது நான் ஆறாவதில் இருந்தேன். என்னைத் தாண்டிப் போக வேண்டியவன் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. “மச்சி, முடியலடா. நின்னுடட்டுமா?” என்றான்.

அங்கே நின்றிருந்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கூட்டம் அவனைச் சுற்றி ஓடி வந்திருக்கும். எல்லாம் போன வருடம் மாதிரியே ஆகியிருக்கும். “நிக்காதடா, எல்லாரும் பாக்குறாங்க. உனக்கு ரெண்டே சுத்துதான், ஓடு,” என்றேன். அவன் எப்போதும் என் பேச்சைக் கேட்பான். ஓடினான்.

அடுத்த வளைவில், நீளம் தாண்டும் மணல்குழிக்குப் பக்கத்தில் விழுந்தான். கூட்டம் ஓடியது. பயிற்சியாளர் எதிர்ப்பக்கம் சாமான் அறை வாசலில் நின்று, சாவி எங்கே என்று கத்தினார். ஸ்ட்ரெச்சரும், நெஞ்சுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டியும் உள்ளே இருந்தன, மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு. சாவி என் இடுப்பில் இருந்தது. இதோ வருகிறேன் சார் என்று கையைக் காட்டிவிட்டு, வேகத்தைக்கூடக் கொஞ்சம் கூட்டினேன். மைதானத்தின் குறுக்கே ஏன் போகவில்லை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பாதையை விட்டு இறங்கினால் அந்தச் சுற்று செல்லாது, மேடம். வளைவைச் சுற்றிப் போய்த்தான் கொடுத்தேன். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும், இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்டு மீதியை ஓடினேன். ஆம்புலன்ஸ் உள்ளே வந்தபோது ஒன்பதாவதில் இருந்தேன். அது வெளியே போனபோது பத்தையும் முடித்திருந்தேன்.

வாக்குப்பதிவை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். வேறு யாரும் நிற்க முன்வரவில்லை, ஆனாலும் வாக்குப் போட்டார்கள். நண்பனுக்காக அழுதுகொண்டே ஓடியவன் என்று பேச்சாகிவிட்டது. ஆயிரத்து முந்நூறு வாக்கு. இதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. பத்துச் சுற்றுக்குக் கொக்கின் பெயரை வைத்தேன். மின்னதிர்ச்சிப் பெட்டியைச் சாவி தேவைப்படாத இடத்தில், வெளிச்சுவரில் மாட்டினேன். நான் செயலாளரான பிறகு நடந்தவை எல்லாம் நல்லவைதான்.

அவனுடைய அக்கா ஷூவை வாங்கிப்போக வந்தாள். “டாக்டர் எதுவுமே சொல்லலையாப்பா?” என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை அக்கா என்றேன். என் தலையைத் தடவிக் கொடுத்து, நீயாவது உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். ஷூவைத் துடைத்து, கயிறு கட்டி, பையில் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது மருத்துவர் ஊரிலிருந்து வந்துவிட்டார். தன்னிடமுள்ள நகலைக் காட்டி, அசல் எங்கே என்று கேட்கிறாராம். நான் அதைக் கிழித்திருப்பேன், எரித்திருப்பேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். கேட்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. மறைத்தது நான்தான், ஓடச் சொன்னதும் நான்தான், அவன் செத்தது என்னால்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆள் அனுப்பிப் பாருங்கள். மூன்றாவது அலமாரி, மேல்தட்டு, நீலக் கோப்பு, பெயர் வரிசைப்படி. மடிப்புக்கூட விழாமல் இருக்கும். என் பொறுப்பில் எதுவும் தொலைந்ததில்லை, மேடம்.