பின்பாதி வண்டி

— ஐயா, முதல்ல அந்தச் சங்கிலியிலேர்ந்து கையை எடுங்க.

— எடுக்க மாட்டேன். நீங்கதானே டிக்கெட் பார்க்கற மேடம்? வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. என் பொண்டாட்டியைக் காணோம்.

— பதறாதீங்க. எப்பலேர்ந்து காணோம்?

— ஜங்ஷன்லேர்ந்து. அவ சீட்டு பதினாலாம் பெட்டியில. அங்க போய்க் கொஞ்சம் காலை நீட்டத்தான் போறான்னு நினைச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்க்கலாம்னு நானும் போறேன், பத்தாம் பெட்டியோட வண்டி முடிஞ்சு போச்சும்மா! கதவுக் கண்ணாடி வழியாப் பார்த்தா வெறும் தண்டவாளம் ஓடுது. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

— அடடா. ஐயா, பின்பாதியை ஜங்ஷன்லயே கழட்டிட்டாங்க. முதல் பத்துப் பெட்டி துறைமுகத்துக்கு வருது. மிச்சத்துக்கு வேற எஞ்சின் மாட்டி மலைப் பக்கம் கொண்டு போறாங்க. தினமும் அப்படித்தான். ஒலிபெருக்கியில சொன்னாங்களே.

— அந்தக் கொரகொர சத்தத்துல எவனுக்கு என்ன புரியும்? நான் சொல்றதைக் கேளுங்க. இழுத்துடறேன்.

— இழுத்தா இந்த வண்டிதான் நிக்கும். அவங்க வண்டி நிக்காது.

— அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?

— உட்காருங்க. தண்ணி குடிங்க. அந்த வண்டியில டிக்கெட் பார்க்கறவர் என் கூட வேலைக்குச் சேர்ந்தவர்தான். நான் அவருக்குப் போன் போடறேன். அவங்ககிட்ட செல்போன் இருக்கா?

— ரெண்டு செல்போனும் என் பையிலதான் இருக்கு. தொலைச்சுடுவான்னு நானே வாங்கி வச்சிருந்தேன்.

— சரி. இருங்க... மணி அடிக்கவே மாட்டேங்குது. மலை ஏற ஆரம்பிச்சிருக்கும். நாலஞ்சு சுரங்கம் இருக்கு, சிக்னல் கிடைக்காது. கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் பார்க்கணும்.

— நம்ம வண்டி அடுத்து எங்க நிக்கும்?

— இன்னும் ரெண்டு மணி நேரம் எங்கயும் நிக்காது ஐயா.

— ரெண்டு மணி நேரமா! நாம எவ்வளவு வேகம்? எண்பது இருக்குமா? அவங்க?

— மலைப் பாதை. ஒரு நாற்பது போகும்.

— அப்ப ஆளுக்கொரு திக்குல, நிமிஷத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் விலகிக்கிட்டிருக்கோம். நான் தண்ணி குடிச்ச நேரத்துல ரெண்டு போச்சு. இப்படிப் பேசிக்கிட்டிருக்கையில போயிட்டே இருக்காளேம்மா!

— கணக்குப் போடாதீங்க ஐயா. அது ஒண்ணுக்கும் ஆகாது.

— கணக்குப் போட்டே பழகிட்டேன். இருபத்தாறு வருஷம் கப்பல்ல எஞ்சின் ரூம். நான் சொல்றதைக் கேளுங்க. கப்பல்லேர்ந்து ஒருத்தன் தவறி விழுந்துட்டான்னு வைங்க, மணி அடிச்சு, பெரிசா ஒரு வட்டம் போட்டு, விழுந்த இடத்துக்கே வந்து தேடுவோம். அப்படி ரெண்டு பேரைத் தூக்கியிருக்கோம். இந்தக் கருமம் பிடிச்ச தண்டவாளத்துல திரும்பக் கூட வழி இல்லையே.

— உங்க டிக்கெட்டைக் காட்டுங்க.

— இந்தாங்க.

— இதுல உங்க ஒருத்தர் பேருதான் இருக்கு.

— அவளுது தனி. சேர்ந்தாப்புல இடம் கிடைக்கலை போல. பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்டச் சொல்லி இவளே செல்போன்ல எடுத்து, தாள்ல அச்சடிச்சு வாங்கிட்டு வந்தா. ஜங்ஷன் வரைக்கும் என் பக்கத்துல இடம் காலியா இருந்துச்சு, இங்கயேதான் உட்கார்ந்திருந்தா. எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தா.

— ஐயா, பதினாலாம் பெட்டியில துறைமுகத்துக்கு டிக்கெட்டே போட மாட்டாங்களே.

— கம்ப்யூட்டர்தானே, தப்பு விடாதா? எங்க கம்பெனியில ஒரு தடவை செத்துப் போனவனுக்கு லீவு குடுத்து அனுப்புச்சு.

— அதில்லை ஐயா, நான் என்ன சொல்ல வர்றேன்னா...

— நான் சொல்றதைக் கேளுங்க. அவ வாய் செத்தவ. பக்கத்துல இருக்கிறவன் காலை மிதிச்சா கூடக் காலை எடுன்னு சொல்ல மாட்டா. ரோட்டைத் தாண்டறதுக்கே என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவா. அவளைப் போய்த் தெரியாத ஊருல இறக்கி விட்டா எந்தப் பக்கம் போவா? யாரைக் கேட்பா?

— இதுக்கு முன்னாடி தனியா எங்கயும் போனதே இல்லையா?

— போயிருக்கா, ஒரே ஒரு தடவை. ஐயோ, அது ஒரு கூத்து. எங்க கப்பல் நம்ம துறைமுகத்துக்கு வருது, ஆறு மணி நேரம் நிக்கும்னு கடுதாசி போட்டிருந்தேன். ரெண்டு பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. அப்ப இந்த ரயிலெல்லாம் ஏது? பஸ்ஸுலயே ஒண்ணரை நாள். நடுவழியில பஸ் படுத்துடுச்சு. ஒரு லாரியை மறிச்சு, மூட்டை மேல உட்கார்ந்து வந்திருக்கா, சின்னவனுக்குக் காய்ச்சல் வேற.

— வந்து பார்த்தாங்களா?

— எங்க பார்க்கறது? துறையில இடம் இல்லைன்னு கப்பலைத் தள்ளிக் கடல்லயே ரெண்டு நாள் நிறுத்திட்டாங்க. இறங்கப் படகு குடுக்கலை. இவ துறைமுக வாசல்ல அந்த ரெண்டு நாளும் உட்கார்ந்திருந்தா. நான் எஞ்சின் ரூம்லேர்ந்து மேல வந்து பார்க்கறேன், கரையில எறும்பு மாதிரிக் கூட்டம். அதுல எந்த எறும்பு என் பொண்டாட்டின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? பொதுவா எல்லாருக்கும் சேர்த்துக் கையை ஆட்டிட்டுக் கீழ போயிட்டேன். ஹஹ்ஹா! இப்பவும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

— அவங்க சிரிப்பாங்களா?

— யாரு?

— உங்க வீட்டம்மா.

— அவ என்ன, உள்ள போயி எதையாவது கழுவிட்டிருப்பா. நீங்க போனைப் போடுங்கம்மா.

— போட்டுக்கிட்டேதான் இருக்கேன். இன்னும் கிடைக்கலை.

— மணி என்ன ஆச்சு பாருங்க. நான் ஒரு தடவை இப்படித்தான் மாட்டிக்கிட்டேன். எங்கம்மா போயிட்டாங்கன்னு கம்பெனியில சொன்னாங்க. பாவம் பார்த்து விமானத்துல ஏத்தி விட்டாங்க. வாழ்க்கையில முதல் தடவை. கப்பல்ல முப்பத்தோரு நாள் போன தூரத்தைப் பதினாலு மணி நேரத்துல கொண்டாந்து போட்டான். அந்தப் பதினாலு மணி நேரமும் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வேகமாப் போன்னு யாரை அதட்டறது? மேகம்தான் தெரியுது. வந்து இறங்கினா எல்லாம் முடிஞ்சு மூணு நாள் ஆச்சு.

— யாரு எல்லாத்தையும் பார்த்தது?

— இவதான். டாக்டர், வண்டி, எடுக்கறது, புதைக்கறது, சொந்தக்காரங்களுக்கெல்லாம் தந்தி. அப்புறம் அவ தங்கச்சி கூட மாட இருந்தா. தங்கச்சி புருஷன் சின்ன வயசுலயே போயிட்டான். நான் கப்பல்ல கிடந்த காலம் பூரா அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துதான் எங்க பிள்ளைங்களையும் அவ பிள்ளையையும் வளர்த்தாங்க. நான் வந்தா தங்கச்சி பெட்டியைக் கட்டிக்கிட்டு வேற எங்கயாவது போய் இருந்துட்டு வரும். வீடு சின்னது.

— இப்ப அந்தத் தங்கச்சி எங்க இருக்காங்க?

— மகனோட எங்கயோ மேட்டுப் பக்கம் ஒரு ஊருல தையல் கடை போட்டிருக்கு. பேரு... நாக்கு நுனியில நிக்குது. இவ நூறு தடவை சொல்லியிருக்கா.

— ஐயா.

— இருங்க, யோசிக்கறேன்.

— ஐயா, அது மலைப் பக்கமா?

— குளிரும்னு சொல்லுவா. ஏன் கேட்கறீங்க?

— சும்மாதான். நீங்க துறைமுகத்துக்கு எதுக்குப் போறீங்க?

— அங்கயே குடியேறப் போறோம்! பழைய வீட்டைக் காலி பண்ணியாச்சு. சாமான் முன்னாடியே லாரியில போயிடுச்சு. ரெண்டே ரூம், ஆனா சன்னலைத் திறந்தா வர்ற கப்பல், போற கப்பல் எல்லாம் தெரியும். என் கூட வேலை பார்த்தவங்க நாலு பேரு அதே தெருவுல இருக்காங்க. கப்பலை விட்டு வந்து நாலு வருஷமா வீட்டுல உட்கார்ந்து எனக்குக் கிறுக்குப் பிடிச்சுப் போச்சும்மா.

— அவங்களுக்குக் கடல் பிடிக்குமா?

— கேட்கறதைப் பாரு! கப்பல்காரன் பொண்டாட்டிக்குக் கடல் பிடிக்காம இருக்குமா?

— அவங்ககிட்டக் கேட்டீங்களா?

— மேடம், நான் என் பொண்டாட்டியைத் தேடிக்கிட்டிருக்கேன். நீங்க வக்கீல் மாதிரிக் குறுக்குக் கேள்வி கேட்டுக்கிட்டிருக்கீங்க.

— மன்னிச்சுக்குங்க. ஜங்ஷன்ல அவங்க எந்தப் பையைக் கொண்டு போனாங்க? அதையாவது சொல்லுங்க, அடையாளத்துக்கு.

— நீலப் பை. பெருசு. நான் கூட யோசிச்சேன், காலை நீட்டறதுக்கு இம்மாம் பெரிய பை எதுக்குன்னு. தலைக்கு வைக்க இருக்கும்னு நானே நினைச்சுக்கிட்டேன்.

— போகும்போது ஏதாவது சொன்னாங்களா?

— என்னத்தைச் சொல்லுவா? பத்திரமா இருங்க, மாத்திரை போடுங்கன்னு... நீங்க ஏன் இப்படி மூஞ்சியை வச்சிருக்கீங்க? ஏதாவது ஆயிருக்கும்னு நினைக்கறீங்களா? ஒளிக்காதீங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு. புயல்ல எஞ்சின் நின்னு போய் ஒன்பது மணி நேரம் ஆடிக்கிட்டுக் கிடந்தோம், அன்னைக்குக் கூட இப்படிப் பயந்ததில்லை. அன்னைக்குக் கையில ஒரு ஸ்பேனராவது இருந்துச்சு.

— ஒண்ணும் ஆயிருக்காது. இருங்க, மணி அடிக்குது! அண்ணே, நான்தான் பேசறேன், கேட்குதா? உங்க பதினாலாம் பெட்டியில ஒரு அம்மா... அறுபது வயசு இருக்கும், நீலப் பை... ஆமா... ஆமா... அப்படியா... டிக்கெட் சரியா இருக்கா? ம்... எனக்கும் அப்படித்தான் தோணுச்சு... சரிண்ணே, அவங்க கிட்டயே போனைக் குடுங்க.

— கிடைச்சுட்டாளா? உசுரோட இருக்காளா?

— நல்லா இருக்காங்க. ஐயா, நீங்க பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்றேன்...

— போனைக் குடுங்க! ஏய்! எங்கடி போன? உனக்கு அறிவு இருக்கா? எந்த வண்டியில ஏறியிருக்கன்னு தெரியுமா உனக்கு?

— என்னங்க, ஏன் இப்படிக் கத்தறீங்க? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? யாரோ வந்து, உங்க வீட்டுக்காரர் லைன்ல இருக்கார்னு சொன்னதும் எனக்கு உசுரே போயிடுச்சு.

— எனக்கு ஒண்ணுமில்லை. நீதான் தப்பான வண்டியில இருக்க. நான் சொல்றதைக் கேளு. பயப்படாத. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்ல போய் உட்காரு. யார் கூப்பிட்டாலும் போகாத. நான் இங்கேர்ந்து எப்படியாவது வந்து சேர்றேன்.

— தப்பான வண்டியா?

— ஆமா! அது துறைமுகத்துக்குப் போகாது, மலைக்குப் போகுது.

— தெரியுமேங்க. தங்கச்சி ஸ்டேஷனுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா.

— எந்தத் தங்கச்சி? என்ன உளர்ற? சொல்லாம கொள்ளாம நீ பாட்டுக்கு...

— சொல்லாமயா? என்னங்க இப்படிச் சொல்றீங்க. வீடு பார்த்துட்டு வந்தீங்களே, அன்னைக்கே சொன்னேன், கடல் பக்கம் என்னால இருக்க முடியாது, அந்தத் தண்ணியைப் பார்த்துப் பார்த்து என் பாதி வயசு போச்சு, நான் தங்கச்சியோட இருந்துக்கறேன், நீங்க உங்க சிநேகிதங்களோட சந்தோஷமா இருங்கன்னு. சரின்னீங்க. டிக்கெட் எடுத்துட்டு வந்து ரெண்டையும் உங்க கையில குடுத்து, இது உங்களுக்கு, இது எனக்குன்னு காட்டினேன். அதுக்கும் சரின்னீங்க.

— நான் எப்ப...

— ஜங்ஷன்ல உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன், கோபம் ஏதும் இல்லையே, நான் போகட்டுமான்னு. சன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே, சரி சரி, போயிட்டு வான்னீங்க. இத்தனை வருஷத்துல நான் கேட்டு நீங்க குடுத்தது இது ஒண்ணுதான்னு, இங்க வந்து உட்கார்ந்து அழுதுக்கிட்டே சிரிச்சேன். பக்கத்து சீட்டு அம்மாகிட்டக் கூட உங்களைப் பத்திப் பெருமையாப் பேசிட்டு வர்றேன்... என்னங்க? அப்ப, நான் கேட்டது எதையுமே நீங்க கேட்கலையா?