சத்தம் போடக் கூடாத மேல்தளம்

கணவர்: ...மெல்லப் பேசும்மா. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.

மனைவி: எல்லாரும்னா யாரு? இருக்கிறதே மூணு பேரு. அதுல ரெண்டு பேரு தூங்குறாங்க.

கணவர்: அதுக்குத்தானே தனியா காசு கட்டியிருக்கேன். இந்தக் கப்பல்லயே சின்னப் பசங்க யாரும் வரக் கூடாத ஒரே இடம் இதுதான். ஓட்டம் கிடையாது, அழுகை கிடையாது, "அவன் என் பென்சிலை எடுத்துட்டான்" கிடையாது.

மனைவி: தெரியுதுங்க. அருமையா இருக்கு.

கணவர்: இருக்கா?

மனைவி: ரொம்ப... காத்து சத்தம் மட்டும்தான் கேக்குது.

கணவர்: ம்.

மனைவி: காத்துக்கும் சலிச்சுப் போச்சு போல. இப்போ அதுவும் நின்னுடுச்சு.

கணவர்: மூணு நாள்தானே ஆகுது, பழகிடும். இத்தனை வருஷம் அடுத்தவங்க பிள்ளைங்களுக்கு மூக்கு துடைச்சாச்சு. ஊருக்குப் போனதும், இடத்தைக் கேட்ட பல் டாக்டருக்குக் கையெழுத்துப் போட்டு, நம்ம குழந்தைங்க காப்பகத்துச் சாவியைக் குடுத்துடுவோம். அப்புறம் வருஷம் பூரா இப்படித்தான்.

மனைவி: வருஷம் பூராவா...

கணவர்: ஏன், நீதானே சொன்னே? இடுப்பு வலிக்குது, போதும்னு.

மனைவி: இடுப்பு வலிக்குதுன்னு நான் சொன்னேன். போதும்னு சொன்னது நீங்க.

கணவர்: நானா? நீ சொன்னதுக்கு நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

மனைவி: சரி விடுங்க, பேசி முடிச்சாச்சு... பல் டாக்டர் வந்தாலும் அந்த இடத்துல அழுகை மட்டும் நிக்கப் போறதில்லை.

கணவர்: அது பெரியவங்க அழுகை. நமக்குப் பொறுப்பில்லை.

ஊழியர்: மன்னிக்கணும் சார். கொஞ்சம் மெதுவா... இது அமைதியா இருக்க வேண்டிய இடம்.

மனைவி: நாங்க பேசவே இல்லையே தம்பி.

ஊழியர்: இன்னொரு விஷயம்மா. நேத்து சாயங்காலம் அந்த மூலையில ஒரு ஐயா படுத்திருந்தாரே... வழுக்கைத் தலை...

மனைவி: எனக்கு யாரையும் தெரியாது.

கணவர்: ஏன், அவருக்கு என்ன?

ஊழியர்: யாரோ ஒரு அம்மா வந்து, துண்டைப் போர்த்திவிட்டு, முதுகுல தட்டிக் குடுத்துட்டுப் போனாங்களாம்.

கணவர்: ஏம்மா...

மனைவி: இருமினாருங்க. கை அதுவா போயிடுச்சு. பாதி தட்டினப்புறம்தான் தலையைப் பாத்தேன்.

கணவர்: ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதுன்னு சொல்வாங்க. கையையும் சேத்துக்கணும் போல. தம்பி, அவர் புகார் ஏதாவது...

ஊழியர்: ஐயோ, இல்ல சார். ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினாராம். இன்னிக்கும் அந்தம்மா வருவாங்களான்னு கேட்டாரு.

கணவர்: வர மாட்டாங்கன்னு சொல்லுங்க.

ஊழியர்: சொல்லிடுறேன்... சிரிக்கிறதையும் கொஞ்சம் மெதுவா சிரிங்க சார்.

மனைவி: போயிட்டாரு. சிரிச்சது போதும். நீங்க மட்டும் என்ன ஒழுங்கு? காலையில லிஃப்ட்டுல ஏறுறதுக்கு முன்னாடி அத்தனை பேரையும் நிறுத்தி, "யாருக்காவது ஒண்ணுக்கு வந்தா இப்பவே சொல்லிடுங்க"ன்னது யாரு?

கணவர்: அது... நாலு பேரு வரிசையா நின்னா வாயில வந்துடுது.

மனைவி: ஒரு பெரியவர் கை தூக்கினாரு, பாத்தீங்களா?

கணவர்: பாவம், அவருக்கு நிஜமாவே அவசரம்.

மனைவி: இப்போ நீங்க எங்க கிளம்புறீங்க?

கணவர்: கீழ கப்பல் இன்ஜினைப் பத்திச் சொல்லித் தராங்கன்னேனே. காலையில பாதிதான் முடிஞ்சுது.

மனைவி: போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. நானும் அப்படியே போயி முடியைக் கொஞ்சம் சரி பண்ணிக்கிறேன்.

கணவர்: மத்தியானம்தானே பண்ணிட்டு வந்தே?

மனைவி: ஆமா...

கணவர்: முடி அப்படியேதான் இருக்கு.

மனைவி: அது இருக்கட்டும். உங்க காதுக்குப் பின்னாடி என்ன பச்சையா?

கணவர்: எங்க? ...இன்ஜின்ல ஏதாவது பட்டிருக்கும்.

மனைவி: தொட்டாலே தெரியும் எனக்கு. இது பசங்க கையால பூசுற பெயின்ட்.

கணவர்: அப்போ உன் முதுகுல முயல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அது முடி வெட்டுற இடத்துல குடுத்ததா?

மனைவி: முயலா? ...எப்போலேர்ந்து இருக்கு?

கணவர்: மத்தியானத்துலேர்ந்து.

மனைவி: பாத்துட்டுமா சொல்லலை?

கணவர்: சொன்னா என் குட்டும் உடையுமே.

மனைவி: அடக் கடவுளே... அப்போ நீங்களும் கீழ, பிள்ளைங்க விளையாடுற இடத்துக்கா...

கணவர்: உள்ள எங்க விடுறாங்க? வேலிக்கு வெளிய நின்னுதான். அங்க பசங்களைப் பாத்துக்கிற பொண்ணு தனியாத் திண்டாடிக்கிட்டு இருந்தா. "எல்லாருக்கும் ஒரே நேரத்துல பிரஷ்ஷைக் குடுக்காதே, நாலு நாலு பேரா உக்கார வை"ன்னேன். அதுக்குள்ள ஒருத்தன் வேலி வழியா கையை நீட்டிட்டான்.

மனைவி: நீலச் சட்டையா? முன்பல்லு இருக்காதே?

கணவர்: அவனேதான்.

மனைவி: வேலியில சாஞ்சு நின்னப்போ என் முதுகுல ஒட்டினதும் அவனாத்தான் இருக்கும். அந்தப் பொண்ணு சோறு ஊட்டும்போது வாயை இறுக்க மூடிக்கிறான். "மூடினது சரி, முழுங்காம வச்சிருந்தா குருவி வந்து கேக்கும்"னேன். முழுங்கிட்டான். அவ என்னையே பாக்குறா.

கணவர்: அந்தக் குருவியை எத்தனை பேருகிட்ட விட்டிருப்பே நீ.

மனைவி: ஏங்க...

கணவர்: என்ன, குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

மனைவி: ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது.

கணவர்: முதல்ல சொல்லு.

மனைவி: கையெழுத்துப் போட வேண்டாம்... அதாவது, போட முடியாது. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே பல் டாக்டருக்கு போன் பண்ணி, இடம் குடுக்கிறதா இல்லைன்னுட்டேன். நம்ம காப்பகம் வேற யாருக்கோ போறதை என்னால தாங்கவே முடியலைங்க. ஆனா நீங்க ஓய்வு ஓய்வுன்னு ஆசையாப் பேசுறப்போ, உங்களை ஏமாத்திட்டேனேன்னு... சாப்பாடே இறங்கலை எனக்கு.

கணவர்: தெரியும்.

மனைவி: என்ன தெரியும்?

கணவர்: நீ போன் பண்ணது. நானும் அதைச் சொல்லத்தான் அவருக்கு போன் போட்டேன். சிரியோ சிரின்னு சிரிச்சாரு. "இப்பத்தான் உங்க வீட்டம்மா பேசி வச்சாங்க... நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"ன்னாரு.

மனைவி: அடப்பாவி மனுஷா... எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, எதுக்கு இந்த இடத்துக்குத் தனியா காசைக் கட்டி, மூணு நாளா என் வாயைக் கட்டி வச்சீங்க?

கணவர்: கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லைம்மா. ஒரு தடவை கண்ணாரப் பாக்கணும்னு ஆசை... எங்க, நீ உக்காந்தாத்தானே.