டப்பிக்குள் ஒரு காலணா

பெமிலா: ...ராசா காலத்து ஒரு சக்கரக் காசுக்கா? ஒரே ஒரு சக்கரத்துக்குப் போயா இத அடிச்சவன் இவ்வளவு பாடுபட்டான்?

ஜெனோ: ஏட்டி, ஈரக் கையால தொடாத. ஈயத்துல வார்த்து மேல செம்புச் சாயம் ஏத்துனதாக்கும் அது. உரிஞ்சிரும்.

பெமிலா: உரிஞ்சா உரியட்டு. கள்ளக்காசுதானே?

ஜெனோ: கள்ளக்காசுன்னா மரியாதை கிடையாதோ? ரூவான்னா எல்லாவனும் கல்லுல தட்டிப் பாப்பான், கடிச்சும் பாப்பான். சக்கரத்த எவன் தட்டிப் பாக்கான்? சந்தை நெரிசல்ல அப்பிடியே கைமாறிப் போயிரும். சில்லறையில செய்யவன்தான் கெட்டிக்காரன், கேட்டியா.

பெமிலா: நீ என்ன, அவனுக்கு வக்கீலா?

ஜெனோ: சிரிக்காத. இத பாரு, அரையணா. வெள்ளி பூசி ஒரு ரூவான்னு மாத்தியிருக்கான். விளிம்புல மட்டும் செம்பு தெரியுது பாத்தியா?

பெமிலா: கொள்ளாம், நல்ல வேலைதான். இந்த ஆல்பத்துல ஒட்டுப்போட்ட காசு உண்டா?

ஜெனோ: உண்டு. ரெண்டு காசப் பாதிப் பாதி ராவி ஒட்டுவான்...

பெமிலா: எதுக்கு?

ஜெனோ: அது... சூதாடுற பயக்களுக்கு. அது வேற சோலி. விடு. நீ பெட்டி கட்டுற வேலையப் பாப்பியா, இஞ்ச வந்து இருந்துகிட்டு...

பெமிலா: பெட்டியத்தான் நீயே கட்டி முடிச்சிட்டியே. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, நேந்திரங்காய் வத்தல். தங்கச்சிய மஸ்கட்டுக்கு வெரட்டுறதுல அண்ணனுக்கு என்னா அவசரம்!

ஜெனோ: ஞாயித்துக்கிழமை பிளைட்ட வச்சுகிட்டு பேச்சப் பாரு. அப்பாக்கு கஞ்சி குடுத்தியா?

பெமிலா: குடுத்து வாயும் துடைச்சு விட்டாச்சு. என் கையப் பிடிச்சா விடமாட்டேங்காரு. நான் போறது தெரிஞ்சிட்டு போல.

ஜெனோ: எந்தக் கை?

பெமிலா: இடக்கைதான். வலக்கை அன்னைக்கு வாதம் வந்து விழுந்ததோட போச்சுதே. அண்ணே.

ஜெனோ: சொல்லு.

பெமிலா: மத்தியானம் நீ அப்பாவக் குளிப்பாட்டிகிட்டு இருக்கும்போ உன் போன் அடிச்சுது.

ஜெனோ: கடைப்பயலா இருக்கும். பிரேக் வயரு தீந்திருக்கும்.

பெமிலா: கடைப்பயல் இல்ல. கொச்சியில இருந்து. அந்தக் காசு மியூசியத்துக்காரரு.

ஜெனோ: ...நீ என்னத்துக்கு எடுத்த?

பெமிலா: விடாம அடிச்சா எடுக்காண்டாமா? 'ஜெனோ சார் மனசு மாறிட்டாரா'ன்னு கேட்டாரு. கள்ளக்காச இனம் பிரிக்க உன்னப் போல ஆள் கிடைக்காதாம். இருக்க வீடும் தாறாராம். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

ஜெனோ: சொல்ல என்ன இருக்கு? வரலன்னு சொல்லியாச்சு.

பெமிலா: உனக்குப் போணுமா, வேண்டாமா?

ஜெனோ: அப்பாவ யாரு பாப்பா?

பெமிலா: நான் கேட்டது அது இல்ல.

ஜெனோ: அந்தச் சக்கரத்த பஞ்சுல வையி. கீழ போட்டுராத.

பெமிலா: அண்ணே...

ஜெனோ: போணும். போணும்னுதான் இருக்கு! போருமா? கண்ண மூடினா அந்தக் கண்ணாடி அலமாரிதான் தெரியுது. ஸ்பார்க் பிளக்கு வித்து வித்து விரல்ல கிரீசு போவாம கிடக்கு. ஆசை இல்லாம இருக்குமா மனுசனுக்கு? ஆனா ஆசப்பட்டதெல்லாம் நடக்குமா?

பெமிலா: அப்ப போ. அப்பாகூட நான் நிக்கேன்.

ஜெனோ: உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?

பெமிலா: நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ் வேலைக்குப் பேசியாச்சு. பகல் டூட்டி. ஷாஜனும் கிறிஸ்மஸ் கழிஞ்சு ஒரேயடியா வந்திருவேன்னு சொல்லிட்டாரு. கட்டினவனே சம்மதிச்சிட்டான், உனக்கென்ன?

ஜெனோ: நீ ஒண்ணும் பேசாண்டாம். ஞாயித்துக்கிழமை பிளைட்டு ஏறுற. தீந்துது.

பெமிலா: தீரல. நீ ஒண்ணு, நான் ஒண்ணு சொன்னா இந்த வீட்டுல என்ன வழக்கம்?

ஜெனோ: சவத்த... நீ இன்னும் சின்னப் பிள்ளையா?

பெமிலா: ஈஸ்டருக்கு யாரு முன்னால குளிக்கதுன்னாலும் காசு சுண்டுவோம். மீன் தலை யாருக்குன்னாலும் சுண்டுவோம். 'விழுந்தது விழுந்ததுதான், பொறவு ஒருத்தரும் மூச்சு விடப்பிடாது'ன்னு அப்பா சொல்லுவாரு. அம்மா போயி, அப்பாவும் படுத்தப்போ, உனக்கு துபாய் விசா, எனக்கு மஸ்கட் விசா. யாரு போறது, யாரு நிக்கதுன்னு சுண்டித்தானே பாத்தோம்? தலை விழுந்துது. நான் போனேன்.

ஜெனோ: உனக்கு யோகம் இருந்துது.

பெமிலா: ம். யோகம்... சரி, இப்ப சுண்டு.

ஜெனோ: இந்தா, ரெண்டு ரூவா கிடக்கு...

பெமிலா: அது வேண்டாம். அன்னைக்குச் சுண்டுனது காலணா. அதுலதான் சுண்டணும். இந்த ஆல்பம் முழுக்கத் தேடிட்டேன், இல்ல.

ஜெனோ: அது இதுல வராது.

பெமிலா: ஏன் வராது?

ஜெனோ: இது கள்ளக்காசு ஆல்பம்லா. அது... நல்ல காசாக்கும். அதான் தனியா வச்சிருக்கேன்.

பெமிலா: தைல டப்பியில. பஞ்சு வச்சு. பீரோவுக்கு உள்ள.

ஜெனோ: பீரோவெல்லாம் குடைஞ்சியா நீ?

பெமிலா: இந்தா டப்பி. நீயே தொற. தலை விழுந்தா நீ கொச்சிக்குப் போற, நான் நிக்கேன். பூ விழுந்தா நான் வாய மூடிகிட்டு பிளைட்டு ஏறுறேன்.

ஜெனோ: பொறு, பொறு. தலை எனக்கா? அது சரி வராது. தலை எப்பவும் உனக்குல்லா?

பெமிலா: அன்னைக்கு நீ பிரிச்ச. இன்னைக்கு நான் பிரிக்கேன்.

ஜெனோ: மாத்தி வச்சுக்க மக்ளே. பூ விழுந்தா நான் போறேன்.

பெமிலா: ஏண்ணே? நல்ல காசுதானே? எந்தப் பக்கம் யாருக்கு இருந்தா என்ன? உனக்கு எதுக்கு இப்பிடி வேர்க்குது?

ஜெனோ: ஃபேன் ஓடல்ல.

பெமிலா: நல்லாத்தான் ஓடுது. இல்ல, இந்தக் காசுல எதாவது கோளாறு உண்டா? உண்டும்னா சொல்லு, வேற காசு எடுப்போம்.

ஜெனோ: கோளாறா... ஒரு கோளாறும் இல்ல.

பெமிலா: அப்ப சுண்டு.

ஜெனோ: மக்ளே, நான் சொல்றதக் கேளு...

பெமிலா: சுண்டுண்ணே.

ஜெனோ: ...ஐயோ, கட்டிலுக்கு அடியில போச்சு! உருண்டதுனால கணக்கு இல்ல.

பெமிலா: கணக்குத்தான். அசையாத, நான் பாக்கேன்.

ஜெனோ: நீ குனியாண்டாம், நான் எடுக்கேன். ஏட்டி... விடு...

பெமிலா: தலை. தாடிக்கார ராசா என்னப் பாத்து முழிக்கான். வந்து பாரு.

ஜெனோ: பாக்கண்டாம்.

பெமிலா: திருப்பிப் பாக்கட்டா?

ஜெனோ: என்னத்துக்குத் திருப்பணும்? விழுந்தது விழுந்ததுதான். அத இஞ்ச தா, டப்பியில வைப்போம்.

பெமிலா: டப்பியில இல்லண்ணே. ஆல்பத்துல வையி, கள்ளக்காசோட. முன்னால சுண்டுன அன்னைக்குக் காலம்பற உன் சட்டையத் துவைக்க எடுத்தப்போ பாக்கெட்டுல கிடந்துது... ரெண்டு பக்கமும் இதே தாடிக்காரன். என்னைய அனுப்பத்தான் நீ ஒட்டுக்காசு செஞ்சு வச்சிருக்கன்னு அப்பவே தெரியும். சாயங்காலம் நீ சுண்டும்போ ஒண்ணும் தெரியாதவ மாதிரி நின்னேன். எனக்கும் போணும்னு அவ்வளவு ஆசையா இருந்துதுண்ணே. அழாத, அப்பா முழிச்சிருவாரு. என் பெட்டியில இருந்த முந்திரிக்கொத்த உன் பையில மாத்தி வச்சாச்சு.