வாசப்பக்கத்துத் தரை

— தரையை உடைக்கிறதா? சனிக்கிழமை மருமக வந்து இறங்குறா, இன்னைக்குச் செவ்வாய். உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா, புர்மகான்?

— கத்தாதீங்க. பதிலுக்குக் கத்த எனக்குத் தெம்பில்ல. காலையிலேர்ந்து மூணு தடவை அடுப்புக்குக் கட்டை சுமந்துட்டேன். வீடு பூரா உடைக்கச் சொன்னேனா? வாசப்பக்கம் மட்டும். நாலு முழம்.

— இந்தா பாரு. பதினோரு வருஷமா ஒரு கீறல் விழாத சிமெண்டுத் தரை. இந்த நரீன் ஊர்ல வேற எவன் வீட்டுல இருக்கு, சொல்லு? அடுப்பு எரியுது, டேங்குல ஆயிரம் லிட்டர் தண்ணி சூடேறி நிக்குது. அடுப்பு அணைஞ்சாலும் அந்தச் சூடு விடிய விடியத் தரைக்குள்ள குழாய் வழியா ஓடுது. வர்றவன் எல்லாம் பூட்ஸைக் கழட்டிட்டு, "அப்பாடா, சக்னாலி, நீ கொடுத்து வெச்சவன்"ங்கிறான்.

— ஆமா, சொல்லுவாங்க. வாசலைவிட்டுத் தள்ளி மேல்பக்கம் உட்கார்றவங்க சொல்லுவாங்க. விருந்தாளிக்குன்னு அங்க ஒரு சாண் விடாம குழாய் பதிச்சிருக்கீங்க. போன மாசம் உங்க அண்ணன் வேர்வையைத் துடைச்சுக்கிட்டே கறி தின்னார். நான் வாசல்கிட்ட ரெண்டு காலுறை மாட்டிக்கிட்டு டீ ஊத்திக்கிட்டிருந்தேன்.

— டீ ஊத்துறவ வாசப்பக்கம்தான் உட்காருவா. அதை நானா கண்டுபிடிச்சேன்?

— இல்ல. ஆனா குழாயை நீங்கதானே பதிச்சீங்க.

— குழாய் தீந்துபோச்சுடி! எத்தனை தடவை சொல்றது? பிஷ்கெக்லேர்ந்து வந்த சுருள் அவ்வளவுதான்.

— ஆமா, சொன்னீங்க. பதினோரு குளிர்காலமா அந்தத் தரைக்கு நான்தான் கட்டை போடுறேன். என் முட்டிக்கு மட்டும் அந்தச் சூடு எட்டவே இல்ல. குளிர்ந்த தரையில உட்காராதேன்னு டாக்டரம்மா சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க வீட்டுல சுடுதரைம்மா, ஊரே வந்து பாத்துட்டுப் போகுதுன்னேன்.

— ஒரு கம்பளம் கூடப் போட்டுக்க வேண்டியதுதானே?

— மூணு போட்டிருக்கேன். என் கதையை விடுங்க, அது முடிஞ்சுபோச்சு. சனிக்கிழமையிலேர்ந்து அங்க உட்காரப் போறது ஐசிரேக். பத்தொன்பது வயசு. நாளைக்கே நம்ம பையனோட பிள்ளையை வயித்துல வெச்சுக்கிட்டு அந்தச் சில்லுத் தரையில உட்காருவா. அதையும் நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? என்னால முடியாதுங்க.

— ஏம்மா, கடப்பாரை பழைய குழாய்ல பட்டுச்சுன்னு வை. டேங்குத் தண்ணி மொத்தமும் வீட்டுக்குள்ள. வெளியில மைனஸ் இருபத்தஞ்சு. கல்யாண வீடு பனிக்கட்டியாயிடும்.

— வாசப்பக்கம் குழாயே இல்லையே, எதுல படும்?

— சரி, உடைச்சேன்னே வெச்சுக்க. புதுக் குழாயை எங்க மாட்டுறது? டேங்குலேர்ந்து தண்ணியைப் பிரிச்சு விடுற பித்தளைக் கட்டையில நாலு வாய்தான் இருக்கு. நாலும் ஓடுது.

— அஞ்சு.

— நாலு.

— குழாய்ல காத்து அடைச்சா திறந்து விடுறது யாரு, நீங்களா? அஞ்சு வாய். அஞ்சாவதுல மூடி போட்டு இறுக்கி வெச்சிருக்கு. நாலு குழாய்க்கு ஏன் அஞ்சு வாய் வாங்கினீங்க?

— அந்த டீயைக் கொடு.

— ஆறிப்போச்சு. சொல்லுங்க.

— குழாய் தீந்துபோகல. வாசப்பக்கத்துக்கும் சேத்துத்தான் வாங்கினேன். அம்மாதான் வேணாம்னாங்க. மருமக உட்கார்ற இடம் சூடா இருந்தா எழுந்திரிக்கவே மாட்டா, அப்புறம் யாருடா ஓடியாடி வேலை பாப்பான்னாங்க. நான் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அவங்க போயே மூணு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமும் உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.

— மிச்சச் சுருள்?

— ஆட்டுக் கொட்டாய்ல கிடக்கு. வைக்கோலுக்குப் பின்னால.

— தெரியும். முதல் குளிர்காலத்துலயே பாத்துட்டேன். உங்க வாயால வரட்டும்னுதான் இத்தனை வருஷமும் அந்தத் தரையில உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொண்ணு அவ்வளவு காலம் உட்கார வேணாம், எழுந்து கடப்பாரையை எடுங்க.