மூச்சு விடுகிற பயணி

டொனல்: இன்னும் கூப்பிடலையா?

கிளீனா: போன் உன் கையிலதானேப்பா இருக்கு.

டொனல்: ஓ... ஆமா. ஆஸ்பத்திரிக்குள்ளே இப்ப யாரு?

கிளீனா: யாரும் இல்ல. அதோ, எதிர்ல சிவப்பு காருல கை ஆட்டுறாளே ஆஷ்லிங், அவ முடிச்சிட்டு வந்துட்டா. இப்ப ரூமைத் துடைப்பாங்க. அப்புறம் நான்.

டொனல்: போய் அவகூட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாயேன்.

கிளீனா: அப்பா! என்னை மாதிரி நுரையீரல்ல சளி கட்டுற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்காரங்க ரெண்டு பேர் கிட்டக்க நிக்கக் கூடாது. அவ நுரையீரல் கிருமி எனக்கு ஆகாது, என்னுது அவளுக்கு ஆகாது. அதுக்குத்தானே ஆளாளுக்கு காருலயே உக்காந்திருக்கோம்? நான் பொறந்ததிலேர்ந்து கேக்கிற விஷயம்!

டொனல்: மறக்கலடி. பதட்டத்துல வாய் உளறுது.

கிளீனா: மூச்சு டெஸ்ட் மெஷின்ல ஊதப் போறது நான். உனக்கு என்ன பதட்டம்?

டொனல்: மூச்சு நம்பர் எழுபது சதவீதத்துக்குக் கீழே போச்சுன்னா ரெண்டு வாரம் இங்கேயே பெட்டு, கையில ஊசி. ஜூன் மாச ஐரிஷ் மொழி முகாம்...

கிளீனா: முகாமைப் பத்திப் பேசாதே.

டொனல்: சரி.

கிளீனா: கிளாஸே போகுது. கடற்கரை, டான்ஸ், எல்லாம். நான் மட்டும் போகலேன்னா...

டொனல்: அதான் பேசலைன்னேனே. கிளீனா, உள்ளே போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லிடு.

கிளீனா: நெபுலைசர்தானே? அம்மா ஓதி அனுப்பினாளா?

டொனல்: ஈஸ்டர்லேர்ந்து உன் ரூம்ல அந்த மெஷின் சத்தமே கேக்கலையாம்.

கிளீனா: கதவுல காதை வெச்சுக் கேக்கிறாளா!

டொனல்: பிப்ரவரில மருந்தை வாஷ்பேசின்ல ஊத்தினது யாரு?

கிளீனா: ...நான்தான்.

டொனல்: அப்போ காதை வெக்கத்தான் செய்வா.

கிளீனா: நான் பல்லு விளக்கறப்பகூடப் பின்னாடி வந்து நிக்கிறாப்பா. நெபுலைசர் போட்டா எதிர்ல உக்காந்து என் நெஞ்சையே உத்துப் பார்ப்பா. நீயே சொல்லு, ஒருத்தர் அப்படிப் பார்த்துட்டே இருந்தா மூச்சு வருமா?

டொனல்: என் வாடிக்கைக்காரங்களை ஊரே சுத்தி நின்னு பார்க்குது. அவங்க ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல.

கிளீனா: அவங்க செத்துட்டாங்கப்பா! சவ அடக்கம் பண்றவருக்குப் பொண்ணாப் பொறந்தா இந்த ஜோக்கெல்லாம் கேக்கணும்னு தலையெழுத்து.

டொனல்: சிரிச்சிட்டே, பாரு.

கிளீனா: சிரிக்கல. இருமல்.

டொனல்: மோர்ட்டி கிழவர் அடக்கத்தன்னிக்கு ஊரே சிரிப்பை மறைக்க இப்படித்தான் இருமுச்சு.

கிளீனா: ...அந்தக் கதை இப்ப எதுக்கு?

டொனல்: பெட்டியை ஏத்தியாச்சு, பாதிரியார் காத்துட்டிருக்கார், சவ வண்டி கிளம்பல. பேட்டரி செத்துக் கிடக்கு. ஆறு பேர் தள்ளினாங்க. மோர்ட்டிக்குப் போக மனசில்லைன்னு கடைத்தெரு பூரா பேச்சு.

கிளீனா: பழைய பேட்டரின்னு நீதானே சொன்னே?

டொனல்: சொன்னேன்.

கிளீனா: போன் அடிக்குது பாரு! ஸ்பீக்கர்ல போடு!

ஈமர்: டொனல், நர்ஸ் ஈமர் பேசறேன். ரூம் துடைச்சாச்சு. உங்க ராணியை அனுப்புங்க.

*

டொனல்: இன்னொரு தடவை சொல்லு.

கிளீனா: எத்தனை தடவைப்பா! எழுபத்தெட்டு. மெஷின்லதான் கோளாறுன்னு நினைச்சு ஈமர் திரும்பத் திரும்ப ஊதச் சொன்னாங்க.

டொனல்: பெட்டு?

கிளீனா: வேணாமாம். முகாமுக்கு மருந்தை எப்படிக் கொண்டுபோறதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க.

டொனல்: அப்பாடா...

கிளீனா: அழறியா?

டொனல்: ஜன்னல் திறந்திருக்கு. தூசி.

கிளீனா: மழை கொட்டுதுப்பா. மழையில ஏது தூசி?

டொனல்: வாயை மூடிட்டு சாண்ட்விச்சைத் தின்னு. முதல்ல செரிமான மாத்திரை.

கிளீனா: நீயுமா? போட்டாச்சு.

டொனல்: அது சரி, உங்கம்மாகிட்ட என்னன்னு சொல்றது? மருந்தே எடுக்காத பொண்ணுக்கு நம்பர் தானா ஏறிச்சுன்னா?

கிளீனா: ...எடுத்தேன்.

டொனல்: எங்கே?

கிளீனா: கோபப்படக் கூடாது.

டொனல்: வண்டி ஓட்டிட்டிருக்கேன். கோபத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்.

கிளீனா: உன் சவ வண்டில.

டொனல்: எதுல?

கிளீனா: முன் சீட்டுல, கராஜ் கதவைச் சாத்திக்கிட்டு. ஈஸ்டர்லேர்ந்து ஒரு நாள் விடல. பிப்ரவரிக்கு அப்புறம் நம்பர் இறங்கிச்சு பாரு... பயந்துட்டேன்ப்பா. அதை அம்மாகிட்ட காட்டப் பிடிக்கல. அங்கன்னா சுத்தமா இருக்கும், சத்தம் இருக்காது. தலையைச் சாய்ச்சு "எப்படிம்மா இருக்கே"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அந்த வண்டில வந்த பயணிகள்லயே மூச்சு விட்டது நான் ஒருத்திதான்னு நினைச்சா சிரிப்பா வரும். சிரிச்சா சளியும் நல்லா வெளியே வந்துடும்.

டொனல்: அம்மாகிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே.

கிளீனா: சொன்னா அங்கேயும் ஒரு நாற்காலி போட்டு எதிர்ல உக்காந்துடுவா.

டொனல்: ...அதுவும் சரிதான்.

கிளீனா: இன்னொண்ணு. மோர்ட்டி கிழவர்... முந்தின ராத்திரி நெபுலைசரை வண்டில சொருகினேன், சாவியைத் திருப்பினபடியே விட்டுட்டேன். பேட்டரியைத் தீர்த்தது நான்தான்.

டொனல்: விடு. தினம் குடிச்சிட்டுக் கிடந்த மோர்ட்டியை பப்புலேர்ந்து வீடு வரைக்கும் தள்ளிட்டுப் போனவங்கதான் அந்த ஆறு பேரும். அவருக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது.

கிளீனா: கோபமே இல்லையா?

டொனல்: எழுபத்தெட்டுடி!

கிளீனா: "மருந்து எடுக்கிறாளான்னு பொண்ணைக் கேளுங்க, உங்களுக்குக் கவலையே இல்லை"ன்னு அம்மா தினம் திட்டினாளே... நீ ஏன் வாயே திறக்கல?

டொனல்: சாண்ட்விச் ஆறிடப் போகுது.

கிளீனா: அது சூடாவே இல்லப்பா. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. மோர்ட்டி அடக்கத்துக்கு மறுநாள்லேர்ந்து கராஜை நீ பூட்டறதே இல்ல. முன் சீட்டுல ஒரு டிஷ்யூ டப்பா. சரி, அழறவங்களுக்கு. கூடவே ஒரு புதுக் கம்பளி. அது யாருக்குப்பா?

டொனல்: ...என் வண்டில வர்ற மத்தவங்களுக்கெல்லாம் குளிராதுடி.